வண்ணம் பூசினால் ஈயம் மாறுமா?

(முதுநிலை வேதியியல், இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதுவது)

சென்ற தைப் பொங்கல் விழாவில் நம் தமிழ் மன்றத்தார் வைத்திருந்த கைவினைக் கடையை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு புறம் பனையோலைப் பெட்டிகள். மறு புறம் கோலப் புத்தகங்கள். நடுவே ஒரு கம்பியில் வரிசையாகத் தொங்கிய சிவப்பும் பச்சையும் மஞ்சளுமான சின்னஞ்சிறு குண்டுகள். ‘மிட்டாயா?’ என்று கேட்டவர்களும் உண்டு; ‘காதணியா?’ என்று எடுத்துப் பார்த்த தோழியரும் உண்டு. அவை மீன் தூண்டிலில் கட்டும் தலைகள். செய்தவன் நான். 46 செய்தேன், 41 விற்றன. அந்தப் பணத்தில் மன்றத்தின் நூல்நிலையத்துக்குப் புத்தகம் வாங்கினோம். செயலாளர் மேடையில் என் பெயரைச் சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள்.

இந்த ஆண்டும் செய்து தரும்படி மன்றத்தார் கேட்டிருக்கிறார்கள். செய்து தருவேன். ஆனால் சென்ற ஆண்டு செய்தது போல் செய்ய மாட்டேன். அது ஏன் என்று சொல்வதற்கே இந்தக் கட்டுரை. அது மட்டும் அன்று; சென்ற ஆண்டு என்னிடம் வாங்கிய 41 பேரும் அவற்றை எனக்குத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்பதற்காகவும் எழுதுகிறேன். விற்ற பொருளைத் திரும்பக் கேட்கும் கடைக்காரனை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். அதனால் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

துள்ளும் தூண்டில்

இதற்கு ஆங்கிலத்தில் ஜிக் என்று பெயர். தூண்டில் முள்ளின் கழுத்தில் ஓர் உலோகக் குண்டை வார்த்துச் சேர்த்துவிட்டால் அதுதான் ஜிக். இதற்குப் புழு வேண்டுவதில்லை. குண்டின் பின்னே இறகோ ரப்பர் வாலோ கட்டி, நீரில் எறிந்து, கோலைச் சுண்டிச் சுண்டி இழுத்தால் அது துள்ளித் துள்ளி வரும். சின்ன மீன் என்று எண்ணிப் பெரிய மீன் வாயைத் திறக்கும். அமெரிக்காவின் ஏரிக்கரை ஊர்களில் இஃது ஒரு பெரிய குடிசைக் கலை. பனிக்காலத்தில் வீட்டுக் கொட்டகையில் அமர்ந்து, உலோகத்தை உருக்கி, அச்சில் வார்த்து, வண்ணம் பூசி, ஏரி உருகும் நாளுக்காகக் காத்திருப்பவர்கள் அங்கே ஏராளம். அவர்களுடைய காணொளிகளைப் பார்த்துத்தான் நானும் கற்றேன். நம் மும்பையில் மார்வே, கோராய் கழிகளில் கொடுவாவும் களவாவும் இதற்கு ஏமாறும் என்பதைக் கண்டபின், படிப்பு நேரம் போக மற்ற நேரமெல்லாம் இதுவே என் வேலையாயிற்று.

வண்ணம் எதற்கு என்று கேட்கலாம். மீனுக்கு என்று சொல்வார்கள். நீரில் சில மீட்டர் ஆழம் போனாலே சிவப்பொளி பெரிதும் மறைந்து, சிவப்புத் தலை கறுப்பாகத்தான் தோன்றும் என்பது பௌதிகம் படித்தவர்களுக்குத் தெரியும். ஆகவே வண்ணத்தில் பாதி மீனுக்கு, பாதி நமக்கு. எப்படியிருந்தாலும் பூசிய வண்ணம் நிற்க வேண்டும் அல்லவா? முதலில் நகப்பூச்சைப் பூசிப் பார்த்தேன். பாறையில் இரண்டு முறை மோதியதும் தேங்காய் ஓட்டைப்போலப் பிளந்து விழுந்தது. அப்போதுதான் என் வீட்டிலேயே ஓர் ஆசிரியர் இருப்பது நினைவுக்கு வந்தது.

என் தந்தையின் தொழில்

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். எனக்கு ஆறு வயதாகும்போது பிழைப்புத் தேடித் தாராவிக்கு வந்தோம். கடந்த 17 ஆண்டுகளாக என் தந்தையார் இரும்பு பீரோக்களுக்குப் பவுடர் கோட்டிங் செய்யும் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். நான் அதைத் தூள்பூச்சு என்பேன். வண்ணத்தைக் குழம்பாகக் கரைத்துத் தூரிகையால் பூசுவதில்லை; உலர்ந்த தூளாகவே ஒட்டிச் சூட்டில் உருக்கிவிடுவார்கள். ‘பூசுறது கால் வேலை, கழுவுறது முக்கால் வேலை’ என்பார் தந்தையார். எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் போகத் தொட்டி தொட்டியாக முக்கிக் கழுவாத இரும்பில் எந்தப் பூச்சும் நில்லாது.

இந்தத் தூள் பாலியெஸ்டர், எப்பாக்சி போன்ற பிசினும் நிறமியும் கலந்து அரைத்தது. அதில் கரைப்பான் இல்லை. ஆகவே உலர வேண்டுவதும் இல்லை. சூட்டில் உருகிப் பரவும். மேலும் சூட்டில் வைத்தால் அதன் மூலக்கூறுகள் கைகோத்துக்கொண்டு ஒரே வலையாகிவிடும். பிறகு மறுபடியும் உருகாது. பட்டறையில் தூளுக்கு மின்னேற்றம் கொடுத்துத் துப்பாக்கியால் தெளிக்கிறார்கள். தரையோடு இணைத்த இரும்பு அதை இழுத்து ஒட்டிக்கொள்கிறது. சிறிய தூண்டில் தலைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டா. தலையைச் சுடவைத்துத் தூளில் தோய்த்தாலே போதும். ஆனால் கிண்ணத்தில் இறுகிக் கிடக்கும் தூளில் தோய்த்தால் கட்டி கட்டியாக ஒட்டும். அதற்கும் ஒரு வழி உண்டு. கிண்ணத்தின் அடியில் காற்று மட்டும் நுழையும் தாள் ஒன்றைக் கட்டி, கீழிருந்து மெல்லக் காற்றை விட்டால், தூள் பொங்கிய பால்போல் எழுந்து நிற்கும். விரலை விட்டால் தண்ணீரில் விட்டதுபோல் இருக்கும். 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பவர் வகுத்த முறை இது. எங்கள் வீட்டில் அது ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டாகவும், காப்பி வடிகட்டும் தாளாகவும், மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் சிறு பம்பாகவும் அவதாரம் எடுத்தது. பட்டறையில் மிஞ்சிய தூளைக் கேட்டு வாங்கி, பொட்டலம் பொட்டலமாகத் தந்தையார் கொண்டுவந்தார்.

வேலை எளிது; ஆனால் கை பழக வேண்டும். இடுக்கியால் முள்ளைப் பிடித்துத் தலையைச் சுடவைக்க வேண்டும். சூடு குறைந்தால் தூள் ஒட்டாது. மிகுந்தால் தடித்து வழியும். இரண்டு எண்ணும் நேரம் தூளில் சுழற்றி எடுத்தால், தலை ஈரம் பட்டதுபோல் பளபளக்கும். நரம்பு கோக்கும் காதை அது ஆறுவதற்குள் ஊசியால் குத்தித் திறந்துவிட வேண்டும். பிறகு கம்பியில் தொங்கவிட்டு, சிறிய மின்னடுப்பில் ஏறத்தாழ 175 முதல் 180 டிகிரி செல்சியஸில், 15 அல்லது 20 நிமிடம் சுட வேண்டும். இந்தக் கடைசிச் சூடுதான் பூச்சுக்கு உயிர். சுடாத பூச்சு கல்லில் பட்டதும் உதிரும். சுட்ட பூச்சு பல நாள் பாறையோடு போராடும்.

முதல் பத்துத் தலைகளைச் சுட்டு எடுத்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவ்வளவு அழகு!

அம்மா கேட்ட கேள்வி

அந்த அழகுக்குள் இருந்தது ஈயம். குர்லாப் பக்கத்துப் பழைய சாமான் கடையில் கிலோக் கணக்கில் வாங்கி வந்தேன். அதை வாணலியில் உருக்கும்போது கண்ணாடிபோல் மின்னும். முதல் நாள் அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“எய்யா, நம்ம பித்தளைப் பானைக்குப் பூசுவாங்களே, அந்த ஈயந்தான இது?”

“ஆமாம்மா, ஈயந்தான்” என்றேன்.

வேதியியலில் பட்டம் பெற்றவன் நான். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் இதைவிடப் பெரிய பொய் இல்லை. வேண்டுமென்று சொல்லவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆனால் அம்மா நம்பினாள். சோறு வடிக்கும் பானைக்கு ஆகும் ஈயம் பிள்ளைகளுக்கு என்ன கெடுதல் செய்யும் என்று எண்ணி, பதினொரு வயதுத் தம்பியையும் என்னோடு உட்கார விட்டாள்.

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் குடியிருக்கின்றன. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். பித்தளைப் பானையின் உட்புறம் பூசுவது வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயத்தால் ஆக வேண்டியதே. வலையின் ஓரத்தில் கோக்கும் குண்டு, பழைய பேட்டரியின் தகடு, கார்ச் சக்கரத்தின் விளிம்பில் எடை சமனாவதற்காக அடிக்கும் வில்லை ஆகியவை காரீயம். முன்னது சமையலறைக்கு வரலாம். பின்னது வரவே கூடாது. நம் முன்னோர் வெண்மை என்றும் கருமை என்றும் அடை கொடுத்து இரண்டையும் பிரித்துத்தான் வைத்தார்கள். நாம் அடையை உதிர்த்துவிட்டு ஈயம், ஈயம் என்கிறோம். கடையில் போய் ‘ஈயம் கொடு’ என்றால் கடைக்காரர் எதையும் கொடுக்கலாம். உருகி மின்னும்போது கண்ணுக்கும் வேற்றுமை தெரிவதில்லை. அதன்மேல் சிவப்பும் பச்சையும் பூசிவிட்டாலோ, கேட்கவே வேண்டா. சொல் பாதி மறைத்தது. மீதியை நான் பூசி மறைத்தேன்.

தம்பி

வார்த்த தலையில் ஒட்டிநிற்கும் வாலை வெட்டுவதும், பிசிறை அரத்தால் அராவுவதும் தம்பியின் வேலை. அராவிய பொடியை ஊதித் தள்ளுவான். கை வேலையாக இருக்கும்போது தலையைப் பல்லிடுக்கில் கவ்விக்கொள்வான். அதே கையோடு முறுக்கைத் தின்பான். வண்ணம் சுடுவதற்காக நான் வாங்கிய பழைய மின்னடுப்பில் ஒரு நாள் ரொட்டி சுட்டுத் தின்றதையும் பிறகு அறிந்தேன். நான் அருகிலேயே இருந்தேன்; ஆனால் பார்க்கவில்லை. என் கண்ணெல்லாம் வண்ணத்தின்மேல் இருந்தது.

பொங்கல் முடிந்து சில வாரங்களில் அவனுக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்தது. மருத்துவர் பல கேள்விகள் கேட்டுவிட்டுக் கடைசியில், “வீட்டில் யாராவது ஈயம் உருக்குகிறீர்களா?” என்றார். அந்த அறையில் என் தந்தை, தாய், தம்பி மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இரத்தத்தைச் சோதித்ததில் ஒரு டெசிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். தீங்கற்ற அளவு என்று சொல்லத்தக்க எந்த அளவும் அறியப்படவில்லை என்பதையும் அது சொல்கிறது. வளரும் மூளையைத்தான் காரீயம் முதலில் தேடும்.

அந்த 8 மைக்ரோகிராமும் என்னால் வந்தது என்று நான் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பழைய சுவர் வண்ணத்திலிருந்தும் வரலாம்; சுற்றியுள்ள பட்டறைகளின் புழுதியிலிருந்தும் வரலாம். ஒரே ஒரு சோதனையைக் கொண்டு தீர்ப்புக் கூறுவது அறிவியல் அன்று. ஆனால் என்னால் வரவில்லை என்றும் சொல்ல முடியாதல்லவா? உருக்குவதை அன்றே நிறுத்தினோம். தரையை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துக் கழுவினோம். அந்த மின்னடுப்பை வீட்டிலிருந்து அகற்றினோம். நான்கு மாதம் கழித்துச் சோதித்தபோது 4 ஆகக் குறைந்திருந்தது. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டுவதில்லை.

மூன்று கண்ணாடிக் குவளைகள்

வருந்தி அழுததை எழுதி என்ன பயன்? சோதனைச்சாலைக்குப் போனேன். ‘அதுதான் பூச்சு இருக்கிறதே, ஈயம் எப்படி வெளிவரும்?’ என்று நண்பர்கள் கேட்ட கேள்விக்கு விடை வேண்டும்.

முள் வைக்காமல் வெறும் தலைகளாக வார்த்துக்கொண்டேன். முள்ளின் இரும்பு கரைந்தால் நிறம் குழம்பும். ஒன்று வெறுங் காரீயம். மற்றொன்று முழுதும் பூசிச் சுட்டது. மூன்றாவது, பூசிச் சுட்டபின் கல்லில் உரசி மூக்கில் சிறிது காயம் செய்தது. மூன்றையும் மூன்று குவளையில் வினிகரில் ஒரு வாரம் ஊறவிட்டேன். பிறகு ஒவ்வொன்றிலும் சில சொட்டுப் பொட்டாசியம் அயோடைடு விட்டேன். காரீயம் கரைந்திருந்தால் மஞ்சள் நிறமாகப் படியும் என்பது பள்ளிக்கூட வேதியியல்.

வெறுங் காரீயம் கிடந்த குவளை பளிச்சென்று மஞ்சளாயிற்று. முழுப்பூச்சுக் குவளையில் கண்ணுக்குத் தெரிய எதுவும் இல்லை. இதை மறைக்காமல் சொல்கிறேன். தந்தையார் தொழிலுக்கு அது பெருமைதான். ஆனால் காயம்பட்ட தலை கிடந்த குவளையும் மஞ்சளாயிற்று. காயம் ஓர் அரிசி மணி அளவுதான்.

பாறையில் மோதுவதற்கென்றே செய்யும் ஒரு பொருள் எத்தனை நாள் காயமின்றி இருக்கும்? அன்றிரவு தந்தையாரிடம் குவளைகளைப் பற்றிச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஏல, பூச்சு இரும்பைத் துருவுலேர்ந்து காக்கும். இரும்பைக் கரும்பாக்காது” என்றார். இந்த ஒரு வரியில் என் கட்டுரை முழுவதும் அடங்கிவிடும்.

அன்னமும் லூன் பறவையும்

நாம் தொலைத்த தலை கடலடியில் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று எண்ணுகிறோம். இங்கிலாந்துக்காரரும் அப்படித்தான் எண்ணினார்கள். அங்கே ஆற்றங்கரைகளில் சிந்திய சிறு காரீய மணிகளை அன்னப் பறவைகள் கூழாங்கல் என்று எண்ணி விழுங்கின. பறவைக்குப் பல் இல்லை; இரைப்பையில் கல்லை வைத்துத்தான் இரையை அரைக்கும். கல்லோடு கல்லாகக் காரீயமும் அரைபட்டு, அமிலத்தில் கரைந்து, இரத்தத்தில் ஏறியது. கழுத்தை நிமிர்த்த மாட்டாமல் அன்னங்கள் மெலிந்து இறந்தன. 1987 தொடக்கத்தில் அந்நாடு சிறு காரீயத் தூண்டில் எடைகளின் விற்பனைக்குத் தடை விதித்தது. அதன்பின் அன்னங்களின் தொகை மீண்டும் பெருகியது.

அமெரிக்காவின் வடகிழக்கு ஏரிகளில் லூன் என்றொரு பறவை உண்டு. முள்ளோடு அறுந்து போன மீனையே அது விழுங்கிவிடும். மீனோடு தூண்டில் தலையும் உள்ளே போகும். மூழ்கும்போது பொறுக்கும் கூழாங்கல்லோடும் போகும். அந்த இரைப்பைக்கு முன்னே எந்தப் பூச்சு நிற்கும்? அதனால்தான் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012 முதல் உள்நாட்டு நீர்நிலைகளில் ஓர் அவுன்சுக்குக் குறைந்த காரீயத் தலைகளைத் தடுத்தபோது, வண்ணம் பூசியிருந்தாலும் தடைதான் என்று விதித்தது. நியூ ஹாம்ப்ஷயரில் ஓர் அவுன்சு வரையுள்ள காரீயத் தலைகளை 2016 முதல் விற்கவும் கூடாது, பயன்படுத்தவும் கூடாது.

நம் நாட்டிலும் ஒரு விதி இருக்கிறது. வீட்டுச் சுவருக்குப் பூசும் வண்ணத்தில் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. பூச்சில் 90 பங்குகூட மிகுதி என்கிறோம். பூச்சுக்கு அடியில் பத்து லட்சமும் காரீயமாக இருந்தால் பரவாயில்லை என்பது என்ன நியாயம்?

நண்பர்கள் சொல்லும் தடைகள்

‘வாங்குபவர் பூச்சைத்தானே தொடுகிறார்?’ என்பது முதல் தடை. உண்மை. புதிய தலையைத் தொடுவதால் வரும் கேடு சிறிதே. ஆனால் பூச்சு வருவது கடைசியில். நஞ்சு வருவது முதலில். காரீயம் உருகும் 327 டிகிரியில் எழும் ஆவி மிகக் குறைவுதான். வாணலியில் ஆடையாகப் படியும் சாம்பல்நிறக் கசடும், அராவிய பொடியும், அவை ஒட்டிய கையுமே ஆபத்து. அழகான பொருளை விற்கும்போது, அதைச் செய்த வீட்டில் படிந்த புழுதியை யாரும் விலையில் சேர்ப்பதில்லை.

‘மீனவர் வலைகளில் எவ்வளவோ காரீயம் இருக்கிறது, உன் 41 தலைகள் கடலில் பெருங்காயமா?’ என்பது இரண்டாவது. மீனவர் வயிற்றுக்காக வலை வீசுகிறார். அவருக்கு வேறு வழி காட்டாமல் குறை கூறும் தகுதி எனக்கு இல்லை. நான் பேசுவது விளையாட்டுக்குத் தூண்டில் போடும் நம்மைப் பற்றி. பிழைப்புக்கு இருக்கும் சலுகையை விளையாட்டு கேட்கக் கூடாது.

‘வெள்ளீயம் விலை அதிகம், எடையும் குறைவு’ என்பது மூன்றாவது. இரண்டும் உண்மை. காரீயத்தின் விலையைப்போல் பத்து மடங்குக்கும் மேல் ஆகும். ஆயினும் ஒரு தலைக்கு வேண்டியது ஆறேழு கிராம்; இரண்டு தேநீரின் விலை கூடும், அவ்வளவே. எடையைப் பொறுத்தவரை, காரீயத்தின் அடர்த்தி 11.3, வெள்ளீயத்தினது 7.3. ஆகவே 10 கிராம் காரீயம் பிடிக்கும் அச்சில் 6.4 கிராம் வெள்ளீயமே பிடிக்கும். தலை மெல்ல இறங்கும். ஆழ்கடலில் நீரோட்டத்தில் இது குறைதான். பாறை நிறைந்த ஆழமற்ற கழியிலோ, மெல்ல இறங்கும் தலை இடுக்கில் சிக்குவது குறைவு. கனம் வேண்டுவோர் ஒரு படி பெரிய அச்சில் வார்த்துக்கொள்ளலாம்.

செய்ய விரும்புவோர்க்கு

என் தோல்வி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காரீயத்தை விட்டதும் கனமாக வேறு என்ன உண்டு என்று தேடி, பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு வாங்கினேன். அடர்த்தியும் நன்று, அழகாக வார்க்கவும் வந்தது. தூளில் தோய்த்து அடுப்பில் தொங்கவிட்டு, 20 நிமிடம் கழித்துத் திறந்தேன். கம்பியில் வெறும் முள்கள் தொங்கின. தட்டில் ஒரு குட்டை! அந்தக் கலவை உருகுவது 138 டிகிரியில். நான் சுட்டது 180-இல். ‘முதுநிலை வேதியியல்!’ என்று தம்பி சிரித்தான். அவன் சிரித்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

ஆகவே கலப்பற்ற வெள்ளீயமே நமக்கு ஏற்றது. அது 232 டிகிரியில் உருகும். பூச்சைச் சுடும் சூட்டைத் தாங்கும். ஆனால் தலையைத் தோய்ப்பதற்குமுன் தீச்சுடரில் காட்டாதீர்கள், மூக்கு உருகிவிடும். அடுப்பிலேயே சுடவைத்து எடுத்துத் தோயுங்கள். வாங்கும்போது ‘ஈயம்’ என்று கேட்காமல் ‘வெள்ளீயம்’ என்று கேளுங்கள். வானொலிப் பெட்டி பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் சாதாரணப் பற்றாசில் பெரும்பாலும் காரீயம் கலந்திருக்கும், அது வேண்டா. வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் நெரிபடுவதுபோல் முனகும், காரீயம் முனகாது. வெள்ளைத் தாளில் இழுத்தால் காரீயம் சாம்பல்நிறக் கோடு போடும். ஐயம் தீரவில்லையானால் எடைபோட்டு, நீரில் அமிழ்த்தி அடர்த்தியைக் கணக்கிடுங்கள். ஆர்க்கிமிடீஸ் நமக்குப் பரீட்சைக்காக மட்டும் பிறக்கவில்லை.

எந்த உலோகமாயினும் அச்சில் ஒரு சொட்டு ஈரமும் இருக்கக் கூடாது. நீர் ஆவியாகி உருகிய உலோகத்தை முகத்தில் தெறிக்கவைக்கும். கண்ணாடி அணியுங்கள். தூளை மூச்சில் இழுக்காதபடி மூக்கை மூடுங்கள். பூச்சுச் சுட்ட அடுப்பில் உணவு சுடாதீர்கள். சிறுவர்களை உலோகம் உருக்கும் இடத்தில் விடாதீர்கள்.

பூச்சின் இயல்பு

ஈயம் பூசுகிறவர் எங்கள் தெருவுக்கு இன்னும் எப்போதாவது வருவார். பானையை நெருப்பில் காயவைத்து, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைத் தேய்த்துப் பஞ்சால் துடைப்பார். உட்புறம் நிலவுபோல் ஒளிரும். அதுவும் சூட்டில் பூசும் பூச்சுத்தான். ஆனால் அம்மா அந்தப் பூச்சை ஒரு நாளும் முழுதாக நம்பியதில்லை. உள்ளே பித்தளையின் மஞ்சள் எட்டிப் பார்த்தால் போதும். பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுபடி பூசும் வரை அதில் புளி ஊற்றமாட்டாள். பூச்சு தேயும் என்பதையும், தேய்ந்தால் அடியில் இருப்பது இருந்தபடியே இருக்கும் என்பதையும் எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டியும் அறிந்திருந்தாள். பட்டம் பெற்ற நான்தான் மறந்தேன்.

நண்பர்களே, தூள்பூச்சை நான் இகழவில்லை. எங்கள் குடும்பத்துக்குச் சோறு போடும் தொழில் அது. நல்ல பொருளுக்குப் பூசினால் அதன் வாழ்நாளை நீட்டும். தீய பொருளுக்குப் பூசினால் நம் கண்ணை மட்டும் மூடும். குற்றம் பூச்சில் இல்லை; பூசியதும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடும் நம்மிடம் இருக்கிறது.

மன்ற அறையில் மூடியுள்ள ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறேன். சென்ற பொங்கலில் வாங்கிய 41 பேரும் அவற்றை அதில் போட்டுவிடுங்கள். போட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். சாவிக் கொத்தில் கோத்திருப்போரும், தம்பி தங்கைக்குக் கொடுத்திருப்போரும் முதலில் வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஈடாக வெள்ளீயத் தலை ஒன்று, அதே வண்ணத்தில், விலையின்றித் தருவேன். சேரும் காரீயத்தை, பழைய பேட்டரிகளை உரிமம் பெற்று முறையாக எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஒப்படைப்பேன். நூல்நிலையத்துக்கு வாங்கிய புத்தகங்கள் அங்கேயே இருக்கட்டும். அந்தப் பணத்தை என் உதவித்தொகையிலிருந்து ஈடுசெய்வது என் பொறுப்பு.

சென்ற வாரம் வெள்ளீயத்தில் வார்த்த முதல் தலைகளைச் சுட்டு எடுத்தேன். தந்தையார் ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்துத் தலையசைத்தார். தம்பி ஆறிய தலைகளுக்கு இறகு கட்டினான். இப்போது அவனுக்கு அந்த வேலை மட்டுந்தான். அம்மா பச்சை நிறத்தில் ஒன்றை எடுத்து விளக்கருகே பிடித்துப் பார்த்தாள்.

“எய்யா, இது எந்த ஈயம்?” என்று கேட்டாள்.

நான் அடையோடு விடை சொன்னேன்.